ஜீப்பும் ஒரு நீலப் படங்கும்

1

“ஜீப்ப வித்தா, அதுக்கு நம்மட வீட்ட திரும்பி வர வழி தெரியுமா அப்பா?”

அமிர்தகழியில் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி தகப்பனிடம் கேட்டது இது. மதிலுக்கு இப்பால் நின்ற எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இந்தக் கதை வந்தது. அவளுக்குத் தனுஷியா என்றும் தகப்பனுக்கு உதயரூபன் என்றும் பெயர் வைத்துக்கொண்டேன். ஜீப்புக்குப் பெயர் தேவைப்படவில்லை.

2

‘மழையில் அந்தக் கிழட்டு ஜீப் அழுதபடி…’

வேண்டாம். ஜீப் அழாது, ஒழுகும்.

உதயரூபன் விவசாயப் போதனாசிரியர். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல் வட்டைகளுக்கு மாரியிலும் போய்வர உயரமான வாகனம் வேண்டும். மனைவி சுலோஜனாவுக்கோ முழங்கால் தேய்வு. கிளினிக் போகும் நாட்களில் சோடாப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் மிதித்துத்தான் ஜீப்பில் ஏறுவாள். அவள் பல்லைக் கடிப்பதை அவர் கண்ணாடியில் பார்ப்பார். (இங்கே ‘கண்ணீர்’ என்று எழுதி வெட்டினேன். அவள் பகிடி விடுகிற ஆள்.)

“ஆனையில ஏறுற ராணிக்கு ஏணி வைப்பாங்க. எனக்குச் சோடாப் பெட்டி,” என்பாள்.

தாழ்வான சின்னக் கார் என்றால் பெட்டி வேண்டாம். ஆனால் அது வட்டைக்குள் போகாது.

3

காத்தான்குடியிலிருந்து இஷாம் ஜீப்பைப் பார்க்க வந்தார்.

“ரேடியேட்டர் ஒழுகும். பின் கதவு உள்ளுக்க இருந்து திறபடாது. மூணாம் கியர் அடம்பிடிக்கும்,” என்றார் உதயரூபன்.

“அண்ணன், விக்கிறீங்களா, முறைப்பாடு வைக்கிறீங்களா?”

“பிறகு நீங்க என்னை ஏசப்படாதே.”

“இவ்வளவு சொன்ன ஆளிட்டத்தான் வாங்கணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய வாறன். மனம் மாறினா, அதுக்கு முதல் சொல்லிருங்க.”

4

(இதை முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.)

மார்கழி மழையில் ஜீப் வட்டைப் பாதைச் சேற்றில் புதைந்தது. ஓரத்து வீட்டுச் சின்னத்தங்கம், நெல் காயப்போடும், தார்ப்பாய் போன்ற தன் நீலப் படங்கைக் கொண்டுவந்து சில்லுக்கடியில் விரித்தாள். ஜீப் ஏறிவிட்டது. படங்கு கிழிந்தது.

“கிழிஞ்சாக் கிடக்கட்டும் தம்பி. வீட்ட புள்ள பாத்துக்கிட்டு இரிக்கும், போங்க.”

இப்போது மாசி, அறுவடை. விற்பதற்காக ஜீப்பைக் கழுவியபோது, அடியில் சிக்கியிருந்த நீலத் துண்டொன்று உதயரூபனின் கையில் வந்தது. அவர் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

5

முடிவுகள்.

அ. ஜீப்பை விற்கிறார். சுலோஜனா நோவில்லாமல் காரில் ஏறுகிறாள். மாரியில் அவர் போகாத வட்டையில் யாரோ

ஆ. விற்கவில்லை. ஜீப்பில் படி ஒன்று ஒட்டுவிக்கிறார். அதிலும் அவள் பல்லைக் கடித்தபடி

இரண்டையும் என்னால் முடிக்க இயலவில்லை. எதை எழுதினாலும் யாருக்கோ நோகிறது. நீங்களே தீர்மானியுங்கள், உங்கள் வீட்டில் யாருக்கு முழங்கால் நோகிறது என்று எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உதயரூபன் மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் ஜீப்பின் வேகத்தைக் குறைத்து, என்ன செய்வது என்று சுவாமியிடம் கேட்டார். வாவியைத் தாண்டி வட்டைப் பாதையில் இறங்கியதும் மூன்றாம் கியர் அடம்பிடித்தது. சின்னத்தங்கத்தின் வீட்டில் எல்லோரும் அறுவடைக்குப் போயிருந்தார்கள். வாங்கி வந்த புதிய படங்கை மடித்து வாசலில் வைத்தார். கூப்பிடவில்லை. யாரும் பார்க்கவில்லை, எழுதிய நானும் பார்க்கவில்லை.

ஜீப்பில் ஏறியவர் மறுபடி இறங்கினார். படங்கு காற்றில் பறந்துவிடாமல் ஒரு கல்லைத் தேடி எடுத்து, அதன் மேல் வைத்தார்.