ஒலியில்லா வீரம்

குன்றுகளின் காய்ந்த புல்மேல் காலைக் கதிரவன் பொன்னைக் கொட்டிக்கொண்டிருக்க, கிச்சிலிப்பழத் தோப்பின் மணமும் புதிதாய்ப் பூசிய வண்ணத்தின் நெடியும் கலந்து வீச, கூரையில்லாத வீடுகளும் பின்புறமில்லாத அரண்மனைகளும் வெண்துணிப் பந்தலின்கீழ் வரிசையாய் நின்ற லாஸ் ஏஞ்சலீசின் எங்கள் படக்கூடத்தில், கற்றறிந்த நண்பரே, பொய்யைத் தவிர வேறொன்றும் விளைந்ததில்லை. வெயில் ஒன்றே அங்கு மெய். அதை நம்பியே முதலாளி ஹெம்பிள் அவ்விடத்தை வாங்கினார். ஊமைப்படங்களின் இடையிடையே திரையில் தோன்றும் எழுத்துகளை எழுதிக் கொடுப்பது என் பணி.

அக்கூடத்தில் அடி வாங்குவதையே தொழிலாகக் கொண்டு பன்னிரண்டாண்டு வாழ்ந்தவன் எல்மர் டிரப்ஷா. துடைப்பம் போன்ற ஒட்டுமீசையும் பானை வயிறும் காவலர் உடுப்புமாய் வந்து, நாயகன் மான்டி பிளெவின்சின் உதையால் நீர்த்தொட்டியில் வீழ்ந்து, எழுந்து, மறுபடியும் வீழ்வான். விழும் கலையில் அவனுக்கு நிகரில்லை என்பதை மறுத்தால் என் நா அழுகிப்போகும். ஆயினும், படம்பிடிக்கும் பெட்டி நின்றபின் அவன் மான்டியின் காலடியில் விழுந்த விழுகைக்கு முன்னே, தொட்டியில் விழுந்ததெல்லாம் விளையாட்டு. குடை பிடிப்பான், சுருட்டுக்கு நெருப்புத் தேடி ஓடுவான், மான்டி ஒரு வேடிக்கையைச் சொல்லி முடிக்குமுன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நகைப்பான்.

"அண்ணே, ஒங்க ஒதை வாங்கி விழறதுக்கே குடுத்து வச்சிருக்கணும்ணே!"

"போதும்டா எல்மரு. ஐஸ் வச்சு வச்சு எனக்குச் சளி பிடிச்சிரும்."

இத்தனை குழைவும் ஒன்றை வேண்டியே. தன் பெயர் முதலில் மின்னும் இரண்டு சுருள் நீளக் குறும்படம் ஒன்று அவனுக்கு வேண்டும். அகவை நாற்பத்தாறு, முழங்கால்கள் தேய்ந்துவிட்டன, இன்னும் எத்தனை கோடை விழமுடியும் என்ற அச்சம் அவனை அரித்தது. மான்டி பரிந்துரைத்தாலன்றி ஹெம்பிள் இசையார். அவ்வாண்டு ஏதோ நல்ல மனநிலையில் மான்டியும் தலையசைத்தான், ஒப்பந்தம் எழுதப்பட்டது, வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று முடிவாயிற்று.

ஊமைப்படத்தில் எவன் எதைப் பேசினாலும் கேட்பாரில்லை ஆதலால், படப்பெட்டியின் முன் வாயசைப்பவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வது எங்கள் வழக்கம். காதல் கூறும் நாயகி இறைச்சி விலையைப் பேசுவாள். சாகக் கிடப்பவன் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவான். எல்மரோ, அவ்வாண்டு வெளியான காவலர் படமொன்றில், செருக்கோடு விலகி நடக்கும் மான்டியின் முதுகுக்குப் பின்னே மண்டியிட்டு, கண்ணில் நீர் தளும்பக் கைகூப்பி, ஓசை சிறிதும் எழாமல் உதடுகளால் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தான். அவ்விடத்தில் நான் எழுதிய திரையெழுத்து இது: 'ஐயா, இவ்வேழை மீது இரங்குங்கள்!'

வியாழனன்று நகரத்துக் காதுகேளாதோர் கழகத்திலிருந்து முதலாளிக்கு ஒரு மடல் வந்தது. உறுப்பினர் எழுபதின்மரும் அப்படத்தை ஆறுமுறை கண்டு களித்தனராம். மீசைக் காவலர் நாயகனைப் பற்றிச் சொல்லும் சொற்களே படத்தின் உயிராம். அவருக்கு இன்னும் மிகுதியாகப் பேச்சுத் தரவேண்டுமாம்.

மறுநாள் ஹெம்பிள், எல்மரையும் மான்டியையும் என்னையும் திரையறைக்கு அழைத்தார். தையலறையிலிருந்து அடலின் குவார்ன் என்னும் பெண்ணையும் வரவழைத்தார். இளமையில் காய்ச்சலால் செவிப்புலன் இழந்த அவள், எவருடைய பேச்சையும் உதட்டைப் பார்த்தே படிப்பவள். படம் ஓட, அவள் கற்பலகையில் எழுத, நான் உரக்கப் படித்தேன்.

"ஒனக்கு நிக்கக்கூடத் தெரியாதுடா மரமண்டை. விழுறது நானு, சிரிப்ப வாங்குறது நீ. என் முட்டி போச்சு, ஒனக்கு மாளிகை வந்துச்சு. தொப்பி மாட்டுற ஆணிடா நீ! தொப்பிய எடுத்துட்டா அங்க ஒண்ணுமே இல்ல!"

ஹெம்பிள் கண்ணில் நீர் வழிய நகைத்தார். மான்டியின் முகம் கறுத்தது. ஆனால், இரையைச் சற்று விளையாட விடும் பூனையின் பெருந்தன்மை அவனுக்கு உண்டு.

"நல்லாத்தான்டா இருக்கு எல்மரு. இதையே என் மூஞ்சியப் பாத்து, வாய்விட்டு ஒரு தடவ சொல்லு. சொல்லிட்டா மொதலாளி இப்பவே கையெழுத்துப் போடட்டும். நான் தடுக்கல."

"போடுறேன்யா," என்றார் ஹெம்பிள், பேனாவின் மூடியைக் கழற்றியவாறே. "ரோஷம் இருக்கிறவன் பேர்லதான் படம் எடுக்க முடியும்."

எல்மரின் வாய் திறந்தது, மூடியது, மீண்டும் திறந்தது. பன்னிரண்டாண்டு வேண்டியது ஒரு முழத் தொலைவில் மேசைமேல் கிடந்தது. அவன் செய்ய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சொன்னதைச் சொல்வதுதான்.

"அண்ணே... அது செபம்ணே. விழுறதுக்கு முன்னாடி கர்த்தர வேண்டிக்குவேன். இந்தப் பொம்பளதான் தப்பாப் படிச்சிருச்சு. செவிட்டுக்கு என்னண்ணே தெரியும்? நீங்கதாண்ணே என் தெய்வம்!"

அடலின் அதையும் அவன் உதட்டிலேயே படித்தாள். பலகையைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, எவரையும் பாராமல் தையலறைக்குத் திரும்பினாள். ஹெம்பிள் பேனாவை மூடினார்.

"சரி, போ," என்றான் மான்டி. "மீசைய ஒட்டிக்க. தொட்டில தண்ணி ரொம்பிருச்சு."

அவனும் ஓடினான்! நன்றியோடு ஓடினான்!

ஆறாண்டு கழித்துப் படங்கள் பேசத் தொடங்கின. குரல் தேர்வுக்கு எல்மரும் வந்தான். திருட்டு வேலைக்காரனைச் சினந்து வைய வேண்டிய சிறு காட்சி அது. நான்குமுறை முயன்றான். ஒலிப்பதிவுக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து இயக்குநர் அலறினார்: "என்னய்யா இது? திட்டச் சொன்னா வேலை கேக்குற மாதிரியே இருக்கு!" ஐந்தாம் முறைக்கு அவனை விடவில்லை.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அஞ்சி அடங்கியவனைப் பொறுக்கலாம். முதுகுக்குப் பின்னே வாயசைத்துவிட்டு அதையே வீரமென்று தனக்குள் எண்ணி மகிழ்பவனைப் பொறுப்பது எங்ஙனம்? எனினும், நண்பரே, ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று அப்பலகையை நான் வேண்டியதற்கும் மேலாக உரத்த குரலில் படித்தேன். மான்டியைப் பற்றி என் நெஞ்சிலும் கிடந்த சொற்கள் அவை. பிறன் சொன்னதாகப் படிக்கும் பேறு வாய்த்ததும் என் உள்ளம் குளிர்ந்தது. படித்து முடித்தபின் நானும் வாய்மூடித்தான் அமர்ந்திருந்தேன்.