மூணு வேண்டாம்

சலவைக்கூடத்தில் அவளுக்குத் 'தந்தி' என்று பெயர். அளந்துதான் பேசுவாள். திமிர் ஒன்றும் கிடையாது. வீட்டில் புருஷனிடமும் அப்படித்தான். "சாப்பாடு இருக்கு." "வர்றேன்." அதற்கு மேல் வாயைத் திறந்தால் அவரே உடம்புக்கு என்ன என்று கேட்பார்.

காலை ஷிப்ட் அவளுடையது. மதிய ஷிப்டுக்கு வருபவள் புதியவள், சேர்ந்து நான்கு மாதம், இரண்டு பிள்ளைகளின் தாய். தந்தி கிளம்பிய பிறகுதான் அவளுடைய பஸ் வந்து சேரும். அதனால் இருவருக்கும் பேச்சு ஷிப்ட் நோட்டில்தான். கறை போகாத விரிப்பு, சின்னவனுக்குச் சளி என்று புதியவள் அரைப் பக்கம் எழுதுவாள். தந்தி கீழே 'பார்த்தேன்' என்று போடுவாள்.

ஒரு புதன்கிழமை மூன்றாம் எண் மெஷினின் கதவுப் பூட்டு சரியாக விழவில்லை. மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு, தந்தி நோட்டில் எழுதினாள்: 'மூணு வேண்டாம்.'

புதியவள் அதை ஒரே தடவையில் மூன்று மூட்டைத் துணி போட வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாள். இரண்டு மூட்டையை அந்த மெஷினிலேயே போட்டாள். பாதி ஓட்டத்தில் கதவு திறந்து, கொதிநீர் அவள் வலது கையில் கொட்டியது.

மறுநாள் தந்தி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலருகே போய் நின்றாள். புதியவளே முதலில் பேசினாள்.

"எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு அக்கா. உங்களுக்குப் போன் போட்டேன்."

"எப்போ?"

"ரெண்டு மணி இருக்கும். ஒரு ரிங்லயே வெச்சுட்டேன். 'என்ன'ன்னு நீங்க வெடுக்குனு கேட்டா, எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

அந்த அழைப்பைத் தந்தி பார்த்திருந்தாள். அவசரம் என்றால் அவளே திரும்பக் கூப்பிடுவாள் என்று வீட்டு மாடியில் துணி காயப்போடப் போய்விட்டாள்.

"என்மேல என்ன கோபம் அக்கா உங்களுக்கு?" என்று புதியவள் மெல்லக் கேட்டாள்.

"கோபமே இல்லம்மா," என்றாள் தந்தி. அதைச் சொல்ல நான்கு மாதம் ஆகியிருந்தது.

கை ஆறியது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. புதியவள் வேலையை விட்டுவிட்டாள்.

இப்போது தந்தி நோட்டில் ஒரு பக்கம் நிறைய எழுதுகிறாள். மதிய ஷிப்டுக்குப் புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வீட்டில் மதியம் இரண்டு மணிக்குக் கை வேலையைப் போட்டுவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறாள்.

"யாரு?" என்கிறார் புருஷன்.

"ரிங் அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"அடிக்கலையே."

அவள் போனைக் கீழே வைப்பதில்லை. "சொல்லும்மா," என்கிறாள், தன்னால் முடிந்த அளவு மென்மையாக.