பன்னிரண்டு வட்டுக் கலப்பை

விளாத்திகுளம் பக்கம் விஜிலாவும் அவள் கணவன் ஃபிராங்க்ளினும் வாங்கியிருந்த கரிசல் நிலம் பல வருஷமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஜேசிபி வைத்து மரங்களைப் பிடுங்கியாகிவிட்டது. ஆனால் வேர்கள் இன்னும் மண்ணுக்குள் பின்னிக் கிடந்தன. மேல்மண் கட்டி தட்டிப் பாறையாய் இறுகியிருந்தது. அதை வெட்டிப் புரட்ட, டிராக்டரில் மாட்டி இழுக்கும் கனமான வட்டுக் கலப்பை ஒன்றைப் பார்க்கத்தான் இருவரும் தூத்துக்குடி எட்டயபுரம் ரோட்டில் இருக்கும் கிளாட்வினின் உழவுக் கருவிக் கடைக்கு வந்திருந்தார்கள்.

ஃபிராங்க்ளின் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஆடி பிறந்ததும் கப்பல் ஏற வேண்டும். அதற்குள் நிலம் முழுவதும் உழுது பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு. வாசலில் நின்ற பதினாறு வட்டுக் கலப்பையைக் கண்டதுமே முடிவு செய்துவிட்டான்.

“இதாம்ளா சரி. அகலத்தப் பாரு! ரெண்டு நாள்ல மொத்தத்தையும் முடிச்சிரலாம்.”

விஜிலா அதைத் தாண்டி நடந்தாள். பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வட்டுக் கலப்பையிடம் போய்க் குனிந்தாள். அதில் வட்டுகள் பெரியவை, தடிமனானவை. ஓரமெல்லாம் பிறை பிறையாக வெட்டு இருந்தது.

“அண்ணாச்சி, ரெண்டும் என்ன எடை வரும்?”

“ஏறக்குறைய ஒண்ணுதான் தங்கச்சி,” என்றார் கிளாட்வின்.

“அப்போ எனக்கு இதுதான் வேணும்.”

ஃபிராங்க்ளின் சிரித்தான். “எடை ஒண்ணுன்னா அகலமானத விட்டுட்டு இத எதுக்குளா எடுக்க?”

“அதுல பாரம் பதினாறாப் பிரியுது. இதுல பன்னெண்டாத்தான் பிரியுது. ஒவ்வொரு வட்டும் நல்லா அமுங்கி இறங்கும். நமக்கு வேரு அறுபடணும்லா?”

அவன் கடலில் இருந்த மாதங்களில் விஜிலா வாரந்தோறும் பஸ் ஏறி அந்த நிலத்துக்குப் போய் வந்தவள். பக்கத்து நிலத்துக்காரர் ஞானதீபம் இலேசான கலப்பை போட்டு உழுததையும், ஒரு மழை பெய்ததும் அறுபடாத வேரிலிருந்தெல்லாம் கருவேலம் மறுபடி துளிர்த்ததையும் கண்ணால் பார்த்திருந்தாள். அவரிடமே டிராக்டர் ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தாள்.

“நான் பாக்காத இரும்பா?” என்று ஃபிராங்க்ளின் வாயை விட்டான்.

விஜிலா நிமிர்ந்தாள். “நீங்க கப்பலுக்குப் போயிருவிய. இத ஓட்டப்போறது நான்.”

கிளாட்வின் இருவரையும் பார்த்தார். “ரெண்டையும் உங்க காட்டுக்கே கொண்டாரேன். ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

சனிக்கிழமை காலை முதலில் ஃபிராங்க்ளின்தான் ஞானதீபத்தின் டிராக்டரில் ஏறினான். அகலமான கலப்பை கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. முன்பு மரங்கள் அடர்ந்து நின்ற இடத்துக்கு வந்ததும் வட்டுகள் வேர்களின் மேல் ஏறித் துள்ளின. அவன் திரும்பிப் பார்த்தான். சீப்பால் கீறியதுபோல் மண்ணில் வெறும் கோடுகள். வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை ஓட்டினான். அப்போதும் அப்படித்தான். இறங்கி வந்தான்.

கலப்பையை மாற்றி மாட்டியதும் விஜிலா ஏறினாள். தாழ்ந்த கியரில், அவசரப்படாமல் ஓட்டினாள். அதே இடத்தில் வட்டுகள் இறங்கின. மண்ணுக்குள் வேர்கள் பட் பட்டென்று அறுபடும் சத்தம் வரப்பு வரை கேட்டது. புரண்ட கரிசல் கறுப்பாய் மினுங்கியது.

பாதி தூரத்தில் ஒரு கனத்த அடிக்கட்டை இரண்டு வட்டுகளுக்கு நடுவே சிக்கியது. இன்ஜின் திணறியது, முன்சக்கரங்கள் இலேசாக எழும்பின.

“நிறுத்துளா! நான் வாரேன்!” ஃபிராங்க்ளின் ஓடினான்.

விஜிலா திரும்பிப் பார்த்தாள். வர வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கிளட்ச்சை மிதித்து, கலப்பையைத் தூக்கி, கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். கட்டை தொப்பென்று விழுந்தது. வளைத்து ஓட்டி, விட்ட இடத்தில் மறுபடி இறக்கினாள்.

அவள் திரும்பி வந்தபோது ஃபிராங்க்ளின் உழுத சாலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கையில் சுத்தமாக அறுபட்ட வேர்த்துண்டு.

“ஓட்டப் படிச்சத எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“சொன்னேன். நீங்கதான் சிக்னல் இல்லன்னு கட் பண்ணிட்டிய.”

அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்துவிட்டாள். “அண்ணாச்சி, இதையே விட்டுட்டுப் போங்க,” என்றான் கிளாட்வினிடம்.

அவன் கப்பல் ஏறியபோது நிலத்தில் பாதி இன்னும் மிச்சமிருந்தது. விஜிலா அதை முடித்தாள். பிறகு குறுக்கே இன்னொரு முறை உழுதாள். வரப்போரம் தலைகாட்டிய துளிர்களைக் கையாலேயே பிடுங்கிப் போட்டாள். புரட்டாசிக் கடைசியில் மழை விழுந்ததும் ஒரு பக்கம் உளுந்தும் ஒரு பக்கம் சோளமும் விதைத்தாள். தை மாதம் சோளம் ஆள் உயரம் நின்றது. விஜிலா அதற்குள் நுழைந்து, கதிர்களைத் தட்டிப் பார்த்தபடி மறுகோடி வரை நடந்தாள்.