கழுவிய தூக்கு

நாசரின் வாய்க்குழாயில் சேர்ந்த கோழையை உறிஞ்சி எடுத்துவிட்டு இனியா கையுறையைக் கழற்றினாள். அவர் கண் திறக்கவில்லை. வெண்டிலேட்டர்தான் மூச்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. கதவோரம் மேசைமேல் தூக்குவாளி இருந்தது. அவருடைய மனைவி கமருன்னிசா காலையில் கொடுத்துவிட்டுப் போன கஞ்சி, பூண்டும் வெந்தயமும் போட்டது.

முதல் நாள் இனியா அதை வாங்க மறுத்தபோது மூத்த நர்ஸ் அனுசியா தடுத்தாள்.

"வாங்கி வச்சிக்கடி. வேணான்னா வாசல்ல உக்காந்து அழுவாங்க. நெலமைய டாக்டருதான் சொல்லணும். நாம வாயத் தொறந்தா வேல போயிடும்."

ஐசியூவுக்கு வரும் எல்லாத் தூக்குக்கும் அதே வழக்கம்தான். வாங்குவது, தொட்டியில் கொட்டுவது, கழுவிக் கொடுப்பது. பீங்கான் கம்பெனியில் அப்பா இருமி இருமி வேலையை விட்டு நின்ற பிறகு இனியாவின் வீட்டுக்கு இவள் சம்பளம்தான். அவளும் கொட்டினாள்.

சேர்ந்தாற்போல் இரண்டு ஷிஃப்ட் பார்த்த ஒரு நாள், கொண்டுவந்த சோறு ஊசிப்போயிருந்தது. அன்று நாசரின் கஞ்சியைக் கொட்டவில்லை, குடித்துவிட்டாள். ருசியாக இருந்தது. அதுதான் இன்னும் உறுத்தியது.

சாயங்காலம் மங்கலம்பேட்டை பஸ்ஸில் வந்த கமருன்னிசா கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டி நின்றாள். அங்கிருந்து கணவரின் பாதங்கள் மட்டுமே தெரியும்.

"சாப்ட்டாரா பாப்பா?"

இனியா காலித் தூக்கை நீட்டினாள்.

"வூட்டுல உப்பில்ல ஒறப்பில்லன்னு நொட்ட சொல்லுவாரு. நீ குடுத்தா மட்டும் எறங்குது பாரு." கமருன்னிசா சிரித்தாள். "துபாய்லேர்ந்து எம்மவன் இஃப்திகார் கேட்டான், வரட்டுமான்னு. லீவு கெடச்சிருக்குதாம். உங்க அத்தா தூக்கு தூக்கா கஞ்சி குடிக்கிறாரு, நீ பொழப்பப் பாருன்னுட்டேன்."

காலையில் டாக்டர் நாசரின் கட்டிலருகே உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார். இனியா திரும்பிப் பார்த்தாள். அனுசியா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கஞ்சி வேணாம்மா."

"இட்லி குடுக்கலான்னுட்டாங்களா?"

"இல்லம்மா. பாய் வந்த நாள்லேர்ந்து வாயில குழாய் இருக்குது. ஒரு வாய்கூட சாப்புடல. உங்க மவன வரச் சொல்லுங்க."

கமருன்னிசா தூக்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். பளபளவென்று இருந்தது.

"அப்ப யாரு குடிச்சா?"

"கொட்டிட்டோம்மா." இனியா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு நாளு நான் குடிச்சேன்."

மறுநாள் காலை மேனேஜரிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு இனியா பையோடு வெளியே வந்தாள். ஐசியூ எதிரே பெஞ்சில் கமருன்னிசா வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அவன் லீவ வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம்" என்றாள், நிமிராமல்.

கண்ணாடிக் கதவு திறந்தது. பெண்ணாடத்திலிருந்து வந்திருந்த ஒருத்தி தூக்கை நீட்டினாள். அனுசியா வாங்கிக்கொண்டாள்.

"சூடு ஆறாமக் குடுத்துடுங்க சிஸ்டர்" என்றாள் அவள்.