முதல் குடத்துத் தண்ணீர்

குடத்தின் வாயை மூடியிருக்கிறது ஒரு கை, உப்பளத்தில் காய்த்துப்போன என் அப்பாவின் கை, நான் வாளியைச் சாய்க்கப் போகிறேன், சாய்க்கவில்லை, தண்ணீர் விளிம்பில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது, கண்ணை மூடினால் இப்போதும் அங்கேதான் நிற்கிறது, கப்பி மட்டும் கிறீச் கிறீச்சென்று தானாகச் சுற்றுகிறது, அந்தச் சத்தத்தில்தான் தூத்துக்குடியே விழிக்கும் என்பார் என் மாமனார் சங்கரமூர்த்திப் பிள்ளை, பொய்யில்லை, எங்கே தோண்டினாலும் உப்பு கரிக்கும் ஊரில் எங்கள் தோட்டத்துக் கிணறு மட்டும் இளநீர் மாதிரி, பஞ்சு வியாபாரம் ஒரு பக்கம் நடந்தாலும் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது கிணறுதான், பீப்பாய் பீப்பாயாகத் தோணியேறிக் கப்பல்களுக்குப் போனது காசுக்கு, ஊருக்கு இனாம், இனாம் என்றாலும் எல்லாத் தெருவுக்கும் இல்லை, கிணற்றடிப் பக்கமே வரக்கூடாதென்று வைத்திருந்த தெருக்கள் இருந்தன, அன்று நான் அதை நினைத்துப் பார்த்ததுகூடக் கிடையாது.

விடிந்ததும் மூத்த மருமகள் முதல் குடம் தண்ணீர் கோரி, முதலில் வந்தவர் குடத்தில் ஊற்ற வேண்டும், அதற்குப் பிறகே ஊர் கோரும், அது அந்த வீட்டு வழக்கம், முதலில் வருகிறவர் என்றைக்கும் என் அப்பா ஆண்டியப்ப பிள்ளைதான், பெண்ணைக் கொடுத்த வீட்டு வாசலில் தினமும் போய் நிற்க முடியுமா, கிணற்றடியில் நிற்கலாம், உப்பளத்துக்குப் போகிற வழியில் குடத்தோடு வருவார், என்னளா, கண்ணு செவந்திருக்கு, அடுப்புப் புகைப்பா என்பேன், புகையா, உன் மாமியா வாயா, நான் சிரிப்பேன், தண்ணீர் சிந்தும், அவ்வளவுதான் எங்கள் பேச்சு, ஒரு குடம் நிறைகிற நேரம்.

பிறகு முனிசிபாலிட்டித் தேர்தல் வந்தது, துரைமார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார மாமனாருக்கு ஆசை, எதிர்த்து நின்ற வக்கீல் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் எல்லாத் தெருவுக்கும் கொண்டுவருவேன் என்றார், நம்ம கிணறு இருக்கையில குழாயி எதுக்குவே என்று மாமனார் சிரித்தார், வரி கட்டுகிறவர்கள் அதிகாரி முன்னால் போய் நின்று யாருக்கு ஓட்டு என்று பேரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்பா வக்கீல் பேரைச் சொன்னார், சம்பந்தி முகத்தைப் பார்த்தே சொன்னாராம்.

ஜெயித்தது மாமனார்தான், மறுநாள் விடியலில் மாலை வாடுமுன்னே கிணற்றடிக்கு வந்துவிட்டார், என் பேரச் சொல்லாதவன் எவனும் வாளியத் தொடக் கூடாது, வரிசையில் பாதிப் பேர் தலை குனிகிறார்கள், முன்னால் அப்பா நிற்கிறார், மாமனார் என் பக்கம் திரும்புகிறார், சம்பந்திக்கு என்ன, அவுக நம்ம வீட்டு மனுசரு, ஊத்தும்மா, நான் சாய்க்கப் போகிறேன், அப்பாவின் கை வந்து குடத்தின் வாயை மூடுகிறது, ஊருக்கு இல்லாத தண்ணி எனக்கு மட்டும் தொண்டையில எறங்குமா சம்பந்தி, ஒரு குடத்துக்கு இம்புட்டு ரோசமா, ரோசமில்ல, தாகந்தான், என்று வெறுங்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போனார், என்னைப் பார்க்கவில்லை, பார்த்தால் கை விலகிவிடும் என்று பயந்திருப்பார், மாமனார் பேரைச் சொன்னவர்களும் அப்பா பின்னாலேயே போய்விட்டார்கள்.

ஊர் உப்புக் கிணறுகளிலேயே கோரப் பழகியது, கப்பல் வராத மாதங்களில் கோர ஆளில்லாமல் கிணற்றில் பாசி படர்ந்தது, பிறகு வாடை, இறைக்காத கிணறு நாறும் என்பது சும்மாவா, கப்பல்காரர்கள் வாயில் விட்டுத் துப்பினார்கள், பீப்பாய்கள் வெயிலில் பிளந்தன, பஞ்சு அடைத்து வைத்த கிட்டங்கியும் கைமாறியது, அடுத்த தேர்தலில் மாமனார் பேரைச் சொல்ல நாதியில்லை, குழாயும் வந்தபாடில்லை, நானோ விடிந்தால் முதல் குடம் கோருவேன், ஊற்ற ஆளில்லாமல் வாழை மூட்டில் கொட்டுவேன், அப்பனைப் பார்க்கப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் யாரும் சொல்லவில்லை, பிள்ளைகள் பிறந்தன, அதுகள் முகத்தை அப்பா கோயில் கூட்டத்தில் தூரத்திலிருந்துதான் பார்த்தார், எத்தனை விடியல், என்னத்தைச் சொல்ல.

மாமனார் படுக்கையில் விழுந்தபோது கிணற்றுத் தண்ணீரை வாயில் வாங்காமல் ஒழுக விட்டார், உங்கப்பா குடிக்குத தண்ணி ஒரு வாய் வேணும்மா, சொல்லி அனுப்பினேன், அப்பாவே வந்தார், அதே குடம், இப்போது நிறைகுடம், தலை வெளுத்திருந்தது, என்னளா, கண்ணு செவந்திருக்கு, புகைப்பா என்றேன், மாமியாரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் குடத்தைச் சாய்த்துப் பிடிக்க அப்பா உள்ளங்கையில் ஏந்தி மாமனார் வாயருகே கொண்டுபோனார், ஒரு மடக்கு விழுங்கி மாமனார் முகம் சுளித்தார், என்ன சம்பந்தி, கடலையா கோரிட்டு வந்திய, ஊரே இதையா குடிக்கு, பழகிட்டா தெரியாது சம்பந்தி, பழகக் கூடாதுவே, அந்தக் குழாயி, என்றவரின் மூச்சு அடங்கியது, வாய் திறந்தபடியே நின்றுவிட்டது, எங்கோ கப்பி சுற்றுகிறது, என் கையில் குடம், தண்ணீர் விளிம்பில் நடுங்குகிறது, அப்பாவின் கை, ஈரம் காயாத கை, மெல்ல வந்து திறந்திருக்கிற அந்த வாயை மூடுகிறது.