சோத்துக்கையால் எடுத்த பூ

டாக்டர் அறிவுச்செல்வி என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். "இலக்கியா, உனக்கு என்னம்மா தோணுது?"

அப்பா பதில் சொன்னார். "அதுக்கென்னங்க தெரியும், பதினேழு வயசுப் புள்ளைங்க. ஊட்டுல கலந்து பேசிட்டு வாரோமுங்க."

வீட்டில் நன்றாகவே கலந்து பேசினார்கள். பெரியப்பா பேசினார், மாமா பேசினார், அப்பாவோடு போர்வெல் போடும் ரிக் வண்டியில் போகிற ஆட்கள்கூட போனில் பேசினார்கள். கைக்குச் சொந்தக்காரியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மல்லசமுத்திரம் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கித் தோளில் அடிபட்டதிலிருந்து என் வலது கை சும்மா தொங்குகிறது. கழுத்தில் மாட்டிய பட்டையில் கிடக்கும். தொட்டால் தெரியாது, ஆனால் உள்ளே கொதிகஞ்சி கொட்டியதுபோல எரியும். கழுத்துக்குப் பக்கத்தில் நரம்பு அறுந்திருக்கிறது. காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து அங்கே வைத்துத் தைக்கலாம் என்றார் டாக்டர். முழங்கை மடங்க வாய்ப்பு உண்டு, விரல்களுக்கு உறுதி சொல்ல முடியாது, பாதத்தின் ஓரம் கொஞ்சம் மரத்துப்போகும், நடக்கத் தடையில்லை. ஆறு மாதத்துக்குமேல் தள்ளிப்போட்டால் செய்தும் பெரிய பலன் இருக்காது. எதையும் அவர் மறைக்கவில்லை. எனக்குப் புரிந்தது, செய்துகொள்ள ஆசையாகவும் இருந்தது. அப்பா காதில் 'கால்' மட்டும்தான் விழுந்தது.

"காலும் போயிருச்சுன்னா என்ன பண்றது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பயம். எனக்கும்தான் பயம். அவர் பயம் வீடு முழுக்க நடமாடியது, என்னுடையது கட்டிலைவிட்டு இறங்க வழியில்லாமல் கிடந்தது.

ஐந்து மாதம் இப்படியே ஓடியது. கடைசியில், "அம்மங்கிட்டப் பூக் கேட்டுருவோம்" என்றார். வெள்ளைப் பூ வந்தால் ஆபரேஷன், செவ்வரளி வந்தால் வேண்டாம்.

பூசாரி இரண்டையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டார். வழக்கமாகச் சின்னக் குழந்தையைத்தான் எடுக்கச் சொல்வார்கள். அப்பா, "அவ காரியம், அவளே எடுக்கட்டுமுங்க" என்றார். ஒருவழியாக என்னைக் கேட்கிறார்களே! இடது கையை நீட்டினேன்.

"சாமி காரியத்துக்குப் பீச்சாங்கையா? சோத்துக்கையால எடு, கண்ணு."

சொல்லிவிட்டு அப்பாவே பட்டையைக் கழற்றினார். என் வலது கையைத் தூக்கி ஒரு பொட்டலத்தின்மேல் வைத்தார். துவண்ட விரல்களைத் தன் விரல்களால் மூடி, பொட்டலத்தோடு சேர்த்து மேலே தூக்கினார். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

"பாத்தியா சாமி, அம்மனே வேண்டாங்குது." அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அடிபட்ட பிறகு அவர் சிரித்ததே இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஏனுங்கப்பா, இத எடுத்தது யாரு கைங்க?"

"உன்ற கைதான் சாமி."

"என்ற கைக்கு எடுக்கத் தெரிஞ்சா, நாம எதுக்குங்க இங்க வந்தோம்?"

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்குச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்கப்பா. டாக்டரம்மா கேக்கறப்ப நானே சொல்றனுங்க."

அப்பா என் விரல்களை இன்னும் மூடிப் பிடித்திருந்தார். அவர் கை நடுங்குவது எனக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது.