நாலாவது ஊசி

விழுப்புரத்து டாக்டரம்மா சொன்ன விதிகளில் ஒன்றைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊசி போடற அன்னிக்கு சார் காலைலேர்ந்து எதுவும் சாப்பிடக் கூடாதும்மா. வெறும் வயித்தோட வரணும்." எட்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடாத மனிதரைச் சாப்பிட வைக்கத்தான் திண்டிவனத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். வைத்தியத்துக்கும் பட்டினி கிடக்கவேண்டும் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? டாக்டர் சகாய பிரியா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெண்டாட்டிக்கும் சேர்த்து ஒரு சீட்டு எழுதலாமா என்று யோசித்திருப்பார். எழுதியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவ்வளவு அலுப்பு.

என் கணவர் பெயர் சுமதிகுமார். திண்டிவனத்தில் எங்களுக்கு எண்ணெய்க் கடை. நாங்கள் சமணர்கள், இந்தப் பக்கத்திலேயே காலங்காலமாக இருக்கிற தமிழ்க் குடும்பங்கள். எங்கள் வீடுகளில் நோன்பு இருப்பது குளிப்பது மாதிரி சாதாரண விஷயம். அதனால்தான் இது நோய் என்று என் கண்ணில் படாமல் போயிற்று. சித்திரையில் அவர் அஷ்டமிக்கும் சதுர்த்தசிக்கும் சாப்பாட்டை விட்டார். நல்லதுதானே என்றிருந்தேன். ஆனியில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆனது. எண்ணெய் வாங்க வருகிறவர்களிடம் நானே வலியப் போய், "அவரு நோன்புல இருக்காரு" என்று சொன்னேன். குரலில் பெருமை வேறு. இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

தசலட்சணப் பண்டிகை வந்தபோது பத்து நாளும் வெந்நீர் மட்டும் குடித்தார். பதினோராம் நாள் பாரணை வைத்தார்கள். நோன்பை முடித்து வைக்கிற சடங்கு அது. சால்வை போர்த்தினார்கள். மேளம்கூட இருந்தது. நான் கஞ்சியை நீட்டியதும் அவர் ஓவென்று அழுதார். பக்தி என்று கூடியிருந்தவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன்.

பாரணை முடிந்த பிறகும் அவர் சாப்பிடவில்லை. உறவுக்காரர்கள் சிலர் வீட்டுக்கு வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். காலம் முடிந்துவிட்டது என்று உணர்ந்த பெரியவர்கள், எல்லாவற்றையும் துறந்து கடைசியில் சோற்றையும் துறந்து உயிரை விடுகிற சல்லேகனை என்ற விரதம் எங்களில் உண்டு. அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கும்பிட்ட விதத்தில் அது இருந்தது. அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டேன். "ஏங்க, விரதம்னு ஏதாச்சும் எடுத்துக்கினு இருக்கீங்களா?"

"இல்ல ரத்னா. எதுக்கு சாப்புடணும்னே தெரியல. அவ்ளோதான்."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வயிற்றில் கோளாறு இல்லை, ரத்தத்தில் கோளாறு இல்லை என்று அனுப்பி அனுப்பி, கடைசியில் சகாய பிரியாவிடம் வந்து சேர்ந்தோம். மனச்சோர்வு நோய் என்றார். இரண்டு விதமான மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார். இரண்டும் கேட்கவில்லை. எழுபத்தோரு கிலோ இருந்தவர் ஐம்பத்திரண்டுக்கு வந்தபோதுதான் கெட்டமைன் பற்றிச் சொன்னார்.

"ஆபரேஷனுக்கு ரொம்ப வருஷமா குடுக்கற மயக்க மருந்துதாம்மா. கொஞ்சமா, சொட்டுச் சொட்டா, நாப்பது நிமிஷம் ஏத்துவோம். மயக்க டாக்டர் பக்கத்துலயே இருப்பாரு. அந்த நேரத்துல மனசு எங்கெங்கயோ போகும், என்னென்னமோ தோணும். அப்புறம் தெளிஞ்சிடும். வாரத்துக்கு ரெண்டு, மொத்தம் ஆறு. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். கேட்டாலும் எத்தன நாளைக்கு நிக்கும்னு தெரியாது."

இவ்வளவு நேர்மையாகப் பேசுகிற டாக்டரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

என் கணவரின் அண்ணன் சாந்தனுவுக்கு விஷயம் தெரிந்தது. செல்போனில் எதையோ படித்துவிட்டு வந்து நடுக்கூடத்தில் நின்றார். "இது போதை மருந்து ரத்னா. பசங்க பார்ட்டில போடறாங்களாம். கள்ளுகூட தொடாத குடும்பம் நம்முது. அவன் வைராக்கியமா இருக்கான். நீ போதை ஏத்தி அதக் கெடுக்கறியா?"

"வைராக்கியம் இல்ல மாமா. அவரே இல்லன்னுட்டாரு."

"அவன் அடக்கத்துல சொல்லுவான்."

"அப்ப நீங்க கொஞ்ச நாளு அந்த வைராக்கியத்துல இருந்து பாருங்க மாமா. கடைய நான் பாத்துக்கறேன், உங்களயும் பாத்துக்கறேன்." மூத்தாரிடம் அப்படிப் பேசக்கூடாதுதான். பேசிவிட்டேன். அவர் ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சொல்லப்போனால் அந்த வாரம் நிம்மதியாக இருந்தது.

முதல் ஊசி. இருட்டாக்கிய அறை, கண்ணுக்குத் துணி, விரலில் ஒரு கிளிப், கையில் சொட்டு மருந்து. நான் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "இன்னா தெரிஞ்சுது?" என்று கேட்டால், "ஃபேன் சத்தம்" என்றார். இரண்டாவது ஊசியில் வாந்தி எடுத்தார். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் வெறும் தண்ணீர். பஸ்ஸில் விக்கிரவாண்டி வரைக்கும் என் தோளில் சாய்ந்து வந்தார். அந்த எடை இல்லாத தலையைத் தாங்கிக்கொண்டு, இன்னும் நாலு இருக்கிறதே என்று எண்ணினேன்.

மூன்றாவதில் கண்ணுக்குத் துணி கட்டியிருக்கும்போதே சிரித்தார். தெளிந்ததும் மெதுவாகச் சொன்னார். "உடம்பு அங்க கெடக்குது ரத்னா. நான் தனியா, காத்து மாதிரி இருக்கேன். உடம்பு வேற, நான் வேற."

"இதத்தான் சாமிங்க இத்தன வருஷமா சொல்லிக்கினு இருக்காங்க. ஊசி போட்டாத்தான் உங்களுக்குப் புரியுமா?" என்று சீண்டினேன். அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்ததால் வந்த தைரியம்.

"உட்டுட்டுப் போறது இவ்ளோ சுலபம்னு தெரியாமப் போச்சி" என்றார் அவர்.

நேரே டாக்டரிடம் ஓடி, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். சகாய பிரியா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினார். அடுத்த ஊசி வரைக்கும் அவரைத் தனியாக விடவேண்டாம் என்று என்னிடம் சொன்னார். மூன்று நாள் கடையைச் சாத்தினேன். அவர் தூங்கும்போது மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சாந்தனு சொன்னதுதான் சரியோ, நல்ல மனிதரை மருந்தைக் கொடுத்து வழியனுப்பி வைக்கிறேனோ என்று மனம் அடித்துக்கொண்டது.

நாலாவது ஊசி மார்கழியில். பன்னிரண்டு மணிக்குப் போடவேண்டியது. மயக்க டாக்டர் கோதண்டபாணி வேறெங்கோ ஒரு பிரசவ ஆபரேஷனில் மாட்டிக்கொண்டு மூன்றரைக்குத்தான் வந்தார். "பேஜாராப் போச்சிம்மா, மன்னிச்சிக்குங்க" என்றார். ஊசி முடிந்து, ஒரு மணி நேரம் கழித்து, சாப்பிடலாம் என்றார்கள். பிளாஸ்க்கில் கொண்டுபோன கேப்பைக் கஞ்சியை ஊற்றி நீட்டினேன். "வேணாம்" என்று தலையைத் திருப்பிக்கொண்டார். வழக்கம்தானே என்று மூடி வைத்தேன். எல்லாம் பார்த்து அனுப்பும்போது ஆறரை. பஸ் ஸ்டாண்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

திண்டிவனம் பஸ் நிற்கிற இடத்தில் அவரை உட்காரவைத்தேன். எதிரே ஒரு டிபன் கடை. இட்லிக் குண்டானைத் திறந்தார்கள். ஆவி இங்கே வரைக்கும் வந்தது.

"ரத்னா, பசிக்குது."

முதலில் என்னைக் கூப்பிட்டது மட்டும்தான் காதில் விழுந்தது. "இன்னாங்க?" என்றேன். "பசிக்குது" என்றார் மறுபடியும், தனக்கே ஆச்சரியம் போல. பிளாஸ்க்கைத் திறந்தேன். கஞ்சி புளித்துப் பொங்கியிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். "வெறும் இட்லி ரெண்டு. சாம்பார்ல வெங்காயம் இருக்கும், நாங்க சேக்கறதில்ல, வேணாம். சக்கரை வைங்க. ஜல்தி குடுங்க."

இலையைக் கொண்டுவந்து நீட்டியபோது அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருட்டிப்போச்சி ரத்னா. காலைல பாத்துக்கலாம்."

பொழுது சாய்ந்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை. விளக்கு வெளிச்சத்தில் சோற்றோடு சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து போய்விடும் என்பதற்காக. நான் பத்து வயதில் கைகூப்பி நின்று எடுத்துக்கொண்ட விரதம் அது. பிரசவமான அன்றைக்கும்கூட நான் அதை விட்டதில்லை. அவர் சொல்வது நியாயம்தான். எந்தச் சமணரும் சொல்வார். ஆனால் இது யார் பேசுகிறது? என் புருஷனா, அவருக்குள் உட்கார்ந்திருக்கிற நோயா? நோன்பு எது, நோய் எது என்று தெரியாமல் எட்டு மாதம் ஏமாந்தவள் நான். இப்போதும் தெரியவில்லை. விடிந்தால் இந்தப் பசி இருக்குமா என்பது அந்த டாக்டருக்கே தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல், சால்வை போர்த்தியவர்கள்மேல், பெருமையடித்த என் வாய்மேல். இட்லியைப் பிட்டுச் சர்க்கரையில் தொட்டு என் வாயில் போட்டுக்கொண்டேன். இன்னொரு துண்டு. பஸ் ஸ்டாண்டு விளக்குக்கு நேர் கீழே, நாலு பேர் பார்க்க.

அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "இன்னா பண்ற நீ? உனக்கு இன்னா அப்டிப் பசி?"

"எட்டு மாசமாப் பசிங்க. நீங்க சாப்புடாத வீட்ல நான் மட்டும் தின்னுக்கினு இருந்தேன்னு நெனச்சீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி நிற்கிற கையை, கழுத்தெலும்பை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மென்று விழுங்க நெடுநேரம் ஆனது. இன்னொரு துண்டு எடுத்தார். ஒன்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

திண்டிவனம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூவினார். நான் பையை எடுத்துக்கொண்டு அவரை எழுப்பப் போனேன். அவர் எழவில்லை.

"இது போவட்டும்" என்றார். "நீ போயி உனக்கும் ரெண்டு வாங்கிக்கினு வா. ரொம்ப எளச்சிப் போயிட்ட."